வந்தவர்களுக்கு முதுகு காட்டியவன்

நான் விழுந்தது வைக்கோல் போரிலிருந்து. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர்ப்பக்கம் விசாரித்தால், காட்டு யானை விரட்டிப் பள்ளத்தில் விழுந்தவன் என்றுதான் என்னைச் சொல்வார்கள். அந்த யானையை எனக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர் என் பெரியப்பா. தலைமுறை தலைமுறையாக நெல் விளைவிக்கிற குடும்பத்தில் ஒருவன் தன் வீட்டு வைக்கோல் போரிலிருந்தே வழுக்கி விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டான் என்று வெளியே சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. மழைக்கு முன்னால் போரின் தலையில் பனையோலை வேய ஏறினேன். கால் வழுக்கியது. கீழே நிறுத்தியிருந்த வண்டியின் நுகத்தடியில் முதுகு மோதியது. நடந்தது அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தேன். இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் தெரியவில்லை. காலில் ஊசியால் குத்தினார்கள். வேறு யாரையோ குத்துகிறார்கள் என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். இனிமேல் நடக்க முடியாது என்றார். "எத்தன நாளைக்குங்க?" என்று அப்பா கேட்டார். "எப்பவுமே" என்றார் டாக்டர். அப்பா ஊருக்குத் திரும்பி வந்து, டாக்டர் கெடு ஒன்றும் வைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு உருப்படியாக உதவியது ஒரு மலையாள நர்ஸ். அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை, பேசியதெல்லாம் என் மனைவியிடம்தான். ரப்பர் குழாயைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பது, விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்து விடுவது, தினமும் முதுகைத் தடவிச் சிவப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதில் முக்கியமான பாடம் ஒன்று.

"கால் போயதுகொண்டு ஆரும் சாகுறதில்ல. முதுகுல புண்ணு வந்தா சாகும். ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா திருப்பிக் கிடத்தணும். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். ஒருக்காகூட விட்டுறக் கூடாது, கேட்டோ?"

என் மனைவி தலையை ஆட்டினாள். எனக்கு அடுத்த கட்டிலில் என்னைப் போலவே முதுகு முறிந்த ஒரு லாரி டிரைவர் இருந்தார். வீட்டுக்குப் போய் இரண்டே மாதத்தில் உள்ளங்கை அகலப் புண்ணோடு திரும்பி வந்தவர். நாங்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்தக் கட்டில் காலியானது. நர்ஸ் சொன்னதை நான் பாதிதான் நம்பியிருந்தேன். அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்த பிறகு என் மனைவி முழுசாக நம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கட்டிலை எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. காற்றோட்டமான பின்னறை போதும் என்றாள் அவள். பின்னறையில் போட்டால் ஏதோ மறைக்கிறோம் என்று நாலு பேர் பேசுவார்கள் என்றார் அப்பா. ஆகவே வீட்டின் முன் கூடமான ஆசாரத்தில், சுவரை ஒட்டிக் கட்டில் போடப்பட்டது. வலது பக்கம் திரும்பினால் வாசல் தெரியும். இடது பக்கம் திரும்பினால் சுவர் தெரியும். மல்லாந்து படுத்தால் ஓடு தெரியும். என் தலைக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதுவரை வீட்டில் அழகுக்காக இருந்த அந்தக் கடிகாரத்துக்கு அன்று முதல் வேலை வந்தது. வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் அது படும், படுத்திருந்த என் கண்ணுக்கு மட்டும் படாது.

முதல் பதினைந்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் அடுக்களையிலிருந்து வருவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், என்னைத் திருப்புவாள், போவாள். என் முதுகு கண்ணாடி போல இருக்கிறது என்று சொன்னாள். பிறகு பார்க்க வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள்.

எங்கள் பக்கம் ஒருவன் படுத்துவிட்டால் போய்ப் பார்ப்பது கடமை. பார்க்காமல் விட்டால் பகை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தார்கள், வண்ணாமடையிலிருந்து வந்தார்கள், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. ஆளுக்கு ஒரு சீப்பு நேந்திரம்பழம் கொண்டுவந்தார்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை வயிறு இளகுவதே பெரிய பாடாக இருந்தவனுக்கு ஊரே சேர்ந்து வயிற்றைக் கட்டுகிற நேந்திரம்பழம் கொடுத்தது. வாசல் தூணில் தொங்கிய பழங்களைப் பார்த்தவர்கள் இங்கே ஏதோ விசேஷம் என்று நினைத்திருப்பார்கள்.

வந்தவர்கள் பேசுவதற்கும் ஒரு முறை இருந்தது. முதலில் என் காலைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்க்காமல் அப்பாவிடம், "வலி கிலி இருக்குதுங்களா?" என்பார்கள். "வலியே இல்லீங்க" என்பார் அப்பா, நான் பரீட்சையில் தேறிவிட்டதாகச் சொல்கிற பெருமையோடு. "வலி இல்லீன்னா அப்பறம் என்னங்க, தேறிக்குவான்" என்று அவர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவார்கள். அதன் பிறகு இதே மாதிரி விழுந்து செத்துப்போன ஆட்களின் கதைகள் வரிசையாக வரும். ஒருவர் தென்னையிலிருந்து விழுந்த தன் மைத்துனன் எப்படி நாற்பதாம் நாள் போய்ச் சேர்ந்தான் என்று எனக்கு விளக்கினார். அன்று எனக்கு எத்தனையாவது நாள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். நூறையே தாண்டியாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் காபி இறங்கியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாட்டிவைத்தது வேறொன்று.

எங்கள் வீடுகளில் படியேறி வருகிற ஒவ்வொருவரையும் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் முகத்தைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். மொத்தமாக "எல்லாரும் வாங்க" என்று வீசிவிட்டால் அது கணக்கில் சேராது. ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிற மும்முரத்தில் அண்ணனைப் பார்த்து "வாங்க" சொல்ல மறந்த தம்பியை எனக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் பதினான்கு வருஷம் போக்குவரத்து இல்லை. உடம்பு சரியில்லாதவனுக்கும் இதில் சலுகை கிடையாது. மூச்சு இருக்கிறவரை சொல்ல வேண்டியதுதான்.

ஒரு நாள் காலையில் என் மனைவி என்னை இடது பக்கம் திருப்பிவிட்டு அடுக்களைக்குப் போன நேரத்தில் பெரியப்பா வந்தார். எனக்கு முன்னால் சுவர்தான் இருந்தது. செருப்புச் சத்தத்தை வைத்து அவர்தான் என்று தெரிந்துகொண்டு, "வாங்க பெரியப்பா" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. இரண்டு நிமிஷம் நின்றார். கடைசியில் அப்பாவிடம், "முதுகக் காட்டிப் படுத்துட்டு வாங்கன்னு சொல்றானே தம்பி. நான் வந்தது புடிக்கலையாட்டிருக்குது" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டார்.

அந்த வீட்டில் நான் விழுந்த அன்றைக்குக்கூட அவ்வளவு அமளி ஏற்படவில்லை. அம்மா அழுதாள். அப்பா சாப்பிடவில்லை. பெரியப்பாவைச் சமாதானப்படுத்த இரண்டு முறை ஆள் போனது. அன்று மத்தியானம் அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னாள்: பார்க்க யாராவது வந்திருக்கிற வரைக்கும் என்னை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். வலது பக்கம் ஒருக்களித்துக்கொண்டு பெரியவர்களை "வாங்க" என்பதும் மரியாதை இல்லையாம்.

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல அப்படி இருக்கக்கூடாதுங்க அத்தை" என்றாள் என் மனைவி.

"ஆரு வந்தா ரெண்டு மணி நேரம் இருக்கப்போறாங்க? கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா என்ன? அவனுக்குத்தான் வலியே இல்லியே."

இரண்டு மணி நேரம் யாரும் இருக்கவில்லை என்பது உண்மைதான். ஒருவர் எழுந்திருக்கும்போது அடுத்தவர் படியேறிக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணிக்கு மல்லாக்கப் போட்டால், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் என் முதுகு மறுபடி காற்றைப் பார்க்கும். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற ஆசாரத்துக்குள் வந்து புருஷனைத் தொட்டுப் புரட்டுவது எங்கள் வீட்டு மருமகள்களுக்கு முறையில்லை. அவள் அடுக்களை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்ப்பேன். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்பதை அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். நான்கு மணி நேரம் ஆகிவிட்டதும் அந்த முகத்திலேயே தெரியும். செவ்வாயும் வெள்ளியும் நோயாளியைப் பார்க்கப் போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அந்த இரண்டு நாளும்தான் என் முதுகுக்கு விடுமுறை.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. வாயைத் திறந்து, என்னைத் திருப்புங்கள் என்று நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலும் போய், மரியாதையும் தெரியாதவன் என்று பேர் எடுக்க எனக்கு மனமில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் முகத்தைப் பார்த்து "வாங்க" சொல்லிக்கொண்டு மல்லாந்து கிடந்தேன். படுத்த படுக்கையிலும் பையனுக்கு எவ்வளவு தன்மை பாருங்கள் என்று ஊரில் என்னைப் பற்றி நல்ல பேர் பரவியது.

புண் வந்தது. முதலில் இடுப்புக்குக் கீழே வால் எலும்பின் மேல் காலணா அகலச் சிவப்பு. அடுத்த வாரம் தோல் உரிந்தது. அதற்கடுத்த வாரம் எலுமிச்சம்பழம் உட்காருகிற அளவுக்குக் குழி. நான் எதையும் பார்க்கவில்லை, எனக்கு எதுவும் தெரியவும் இல்லை. அவள் துணி மாற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்வதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அம்மா மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டு, "அவனுக்கு வலிக்குதான்னு கேளு" என்றாள். வலிக்கவில்லை என்றேன். அப்படியானால் பெரிசாக ஒன்றுமில்லை என்று முடிவாயிற்று.

பிறகு காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் பல் கிட்டும், காலையில் வேர்த்துக் கொட்டும். எனக்குக் காய்ச்சல் என்று செய்தி பரவியதும் ஏற்கனவே பார்த்துப் போனவர்கள் எல்லோரும் மறுபடி பார்க்க வந்தார்கள். அதுதான் எங்கள் ஊரின் நல்ல மனது. புண் அதிகமானால் காய்ச்சல், காய்ச்சல் அதிகமானால் கூட்டம், கூட்டம் அதிகமானால் நான் மல்லாக்க, மல்லாக்கக் கிடந்தால் புண். இப்படியே விட்டிருந்தால் பிரியமானவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை மரியாதையாகக் கொன்றிருப்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அந்த லாரி டிரைவரின் கட்டில் அடிக்கடி கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து ஆசாரம் நிறைந்திருந்தது. காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மனம் இளகிப் பெரியப்பாவும் வந்திருந்தார். அப்பா அவருக்கு எனக்கு நேராக நாற்காலி போட்டார். நான் மல்லாந்தபடியே தலையைத் திருப்பி, அவர் முகத்தைப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டாக "வாங்க பெரியப்பா, வாங்க" என்றேன். அவருக்குத் திருப்தி. யானை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விவரிக்கத் தொடங்கினார். யானை ஆற்றைத் தாண்டியபோது என் மனைவி உள்ளே வந்தாள்.

இரண்டு தலையணையோடு நேராக என் கட்டிலுக்கு வந்தாள். வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு முன்னால் அவள் நிமிர்ந்து நின்றதில்லை.

"கொஞ்சம் நகந்துக்குங்க மாமா. இவுங்களத் திருப்போணும்."

"பெரியவங்க உக்காந்திருக்காங்கல்ல புள்ள. போகட்டும், பொறவு பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

"ஒம்பது மணிக்குப் படுக்க வெச்சதுங்க. இப்ப மணி மூணு."

யாரும் நகரவில்லை. அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு கையை என் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டபடி ஒரே மூச்சில் என்னைச் சுவர்ப் பக்கம் புரட்டினாள். பெரியப்பாவுக்கும் அத்தனை பேருக்கும் நேராக என் முதுகைக் காட்டினாள். அதோடு விடாமல் துணியையும் விலக்கினாள்.

எனக்குச் சுவர் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் என்ன நடக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க முடிந்தது. மஞ்சளும் சீழும் கலந்த நாற்றம் எனக்கே வந்தது. யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். என் மனைவி பேசினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க. இன்னம் பத்து நாளைக்கு இவுங்க இப்படியே மல்லாக்கப் படுத்திருந்தாங்கன்னா, அப்பறம் இந்த ஊட்டுல ஆரும் ஆரையும் வாங்கன்னு கூப்புடற சோலியே இருக்காதுங்க."

சாவு வீட்டில்தான் எங்கள் பக்கம் வருகிறவரை "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அம்மா "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது. எனக்காகப் பேச இத்தனை நாள் எனக்கே துணிவு வரவில்லை, இவள் பேசிவிட்டாள் என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது.

அடுத்து நான் கேட்டது துணி உரசுகிற சத்தம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடம்கூட இல்லை. அந்தச் சந்தில் பெரியப்பா தன் பெரிய உடம்பைப் பக்கவாட்டில் நுழைத்துக்கொண்டு வந்தார். வேட்டி சுண்ணாம்பில் தேய்ந்தது. கட்டில் இரண்டு விரற்கடை நகர்ந்தது. மூச்சு வாங்க வாங்க என் முகத்துக்கு நேராக வந்து தரையில் ஒடுங்கி உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"வாங்க பெரியப்பா" என்றேன்.

"வந்துட்டேன்டா சாமி" என்றார். பிறகு என் தலைக்கு மேலே அவளைப் பார்த்து, "இனி எத்தன மணிக்குத் திருப்போணும் கண்ணு?" என்று கேட்டார்.

"அஞ்சு மணிக்குங்க மாமா."

அஞ்சு மணி வரை அவர் அந்தச் சந்திலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே வர வழி இல்லாமல்கூட இருந்திருக்கலாம்.

மறுநாள் அவள் என் அப்பாவையே துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய் அந்த நர்ஸைப் பார்த்து, திட்டும் வாங்கிக்கொண்டு, பென்சிலின் மருந்தும் வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கத்து ஊர்க் கம்பவுண்டர் தினமும் வந்து ஊசி போட்டார். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிக் கூடத்தின் நடுவே போட்டோம். இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டோம். நான் எந்தப் பக்கம் திரும்புகிறேனோ அந்தப் பக்கம் வந்தவர்கள் எழுந்து மாறி உட்கார வேண்டும் என்று பெரியப்பா சட்டம் போட்டார். பிறகு வந்தவர்களே என்னைத் திருப்பவும் பழகினார்கள். ஒருவர் தோளைப் பிடிப்பார், ஒருவர் இடுப்பைப் பிடிப்பார், அவள் காலையும் தலையணையையும் பார்த்துக்கொள்வாள். அதற்கப்புறம்தான் காபி. இதிலும் சண்டை வந்தது. "அவுங்க வந்தப்பத் திருப்பச் சொன்னீங்க, நாங்க வந்தப்பச் சொல்லவே இல்லியே, நாங்க அந்நியமா?" என்று வண்ணாமடைக்காரர் ஒருவர் வருத்தப்பட்டுக்கொண்டு போனார். அவருக்காக, மணி ஆகாமலேயே ஒரு முறை என்னைத் திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது.

புண் ஆற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ராஜ்யங்களைப் பிரித்தார்கள். புண் வந்தபோது நான் சென்னை ராஜ்யத்தில் இருந்தேன், ஆறியபோது கேரளத்தில் இருந்தேன். கட்டிலை விட்டு இறங்காமலே நான் போன தூரம் அது. பிறகு ஒரு ஆசாரி சைக்கிள் சக்கரம் வைத்து நாற்காலி செய்து கொடுத்தார். அதில் உட்கார்ந்து களத்துமேடு வரை போய் நெல் அளப்பதை மேற்பார்த்தேன். வைக்கோல் போரைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்வேன்.

இத்தனை நடந்த பிறகும் சொந்தக்காரர்கள் மத்தியில் என் மனைவிக்கு ஒரு பேர் நின்றுவிட்டது. பெரியவங்க உட்கார்ந்திருக்கும்போது புருஷனின் துணியை விலக்கிக் காட்டியவள், மரியாதை தெரியாதவள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். என்னைத் திருப்பிவிட்டவர்களே காபி குடித்துக்கொண்டு அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் மறுத்துப் பேசியதில்லை. அவர்கள் சொல்வது சரிதான். அன்று அவளுக்கு மரியாதை தெரிந்திருந்தால், அதைக் கேட்க நான் இருந்திருக்க மாட்டேன்.